ஆஸ்பத்திரியில் சேரும் நாள் முதல் 90 நாள் வரை: ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

வீட்டில் ஒருவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது என்ன நோய், எத்தனை நாள், எவ்வளவு செலவு, என்ன சாப்பாடு கொடுக்கலாம் என்று எல்லாவற்றையும் கேட்கிறோம். "படுத்தே இருக்கப் போகிறாரே, காலில் ரத்தம் உறைந்துவிடாமல் இருக்க என்ன ஏற்பாடு?" என்று மட்டும் அநேகமாக யாரும் கேட்பதில்லை. நான் சர்ஜிகல் வார்டில் வேலை பார்க்கும் நர்ஸ். முதல் முறையாக அட்மிட் ஆகப் போகிறவர்களும், கூட இருந்து பார்த்துக்கொள்ளப் போகிறவர்களும் இந்தக் கேள்வியோடு வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தினமும் நினைக்கிறேன். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் விஷயம் என்னவென்று பார்த்துவிடலாம்.

காலில் இருக்கும் ரத்தம் மேலேறி இதயத்துக்குத் திரும்ப வேண்டும். அந்த வேலையில் பெரும்பங்கு கெண்டைக்கால் சதையுடையது. நாம் நடக்கும்போது அது சுருங்கிச் சுருங்கி, அடிபம்பு மாதிரி ரத்தத்தை மேலே தள்ளுகிறது. படுத்த படுக்கையாகிவிட்டால் அந்தத் தள்ளல் குறைந்து, ஆழத்தில் ஓடும் சிரைகளில் ரத்தம் தேங்குகிறது. ஆபரேஷனிலோ விபத்திலோ ரத்தக் குழாயில் அடிபட்டிருக்கலாம். அறுவை சிகிச்சை, பிரசவம், தொற்று, புற்றுநோய் போன்ற சமயங்களில் ரத்தமே சீக்கிரம் உறையும் தன்மைக்கு மாறியும் இருக்கும். தேக்கம், குழாயில் காயம், ரத்தத்தின் மாற்றம் ஆகிய மூன்றையும் 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ஷோவின் பெயரோடு சேர்த்துத்தான் இன்றைக்கும் பாடத்தில் படிக்கிறோம். அவர் பிறந்த அக்டோபர் 13-ஆம் தேதி, 2014 முதல் உலக ரத்த உறைவு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

கால் சிரையில் உறைவதை டாக்டர்கள் டி.வி.டி. என்பார்கள். அது காலோடு நின்றால்கூடச் சமாளிக்கலாம். அதிலிருந்து ஒரு துண்டு பிய்ந்து, இதயம் வழியாக நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொண்டால் அதுதான் பல்மனரி எம்பாலிசம். பெரிய துண்டாக இருந்தால் நிமிடங்களில் உயிர் போகலாம். இப்படி ரத்தம் உறைபவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு, ஆஸ்பத்திரியில் இருக்கும்போதோ அங்கிருந்து திரும்பிய 90 நாளுக்குள்ளோதான் அது வருகிறது. இதில் பெரும்பகுதியைத் தடுக்க முடியும் என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

"இதெல்லாம் வெள்ளைக்காரர்களுக்கு வரும் நோய், நம் ஊரில் கிடையாது" என்ற நம்பிக்கை ரொம்ப நாள் இருந்தது, மருத்துவர்களிடமும்கூட. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் அறுவை சிகிச்சை மருத்துவர்கள் தங்கள் பத்து வருடப் பதிவேடுகளைப் புரட்டி 2009-இல் வெளியிட்ட ஆய்வில், 10,000 அட்மிஷனுக்குச் சுமார் 17 பேருக்கு டி.வி.டி. உறுதியாகியிருந்தது. அவர்களில் பெரும்பாலானோர் ஆபரேஷனோ விபத்தோ இல்லாத நோயாளிகள். முக்கியக் காரணமாக இருந்தது புற்றுநோய். 32 நாடுகளில் நடந்த எண்டார்ஸ் என்ற ஆய்வின் இந்தியப் பகுதி இன்னும் கவலை தருகிறது. அதில் பார்த்த நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு உறைவு ஆபத்து இருந்தது. அவர்களில் ஐந்தில் ஒருவருக்குக்கூட முறையான தடுப்பு கிடைக்கவில்லை. இங்கிலாந்தில், ஆஸ்பத்திரியில் உண்டான ரத்த உறைவால் ஆண்டுக்கு 25,000 பேருக்கு மேல் இறக்கிறார்கள் என்று 2005-இல் நாடாளுமன்றக் குழு ஒன்று அறிக்கை கொடுத்தது. அதன் பிறகு, 2010 முதல், அட்மிட் ஆகும் பெரியவர்கள் எல்லோருக்கும் உறைவு ஆபத்தைக் கணக்கிட்டுப் பதிவுசெய்தாக வேண்டும் என்றாக்கினார்கள். நம் ஊரிலும் பல பெரிய ஆஸ்பத்திரிகளில் கேஸ் ஷீட்டில் இதற்கென ஒரு பக்கம் இருக்கிறது. ஆனால் அந்தப் பக்கம் நிரப்பப்பட்டிருக்கிறதா என்று கேட்க நோயாளி தரப்பில் ஆள் இருப்பதில்லை.

சரி, இனி வரிசையாக என்ன செய்ய வேண்டும் என்று பார்ப்போம்.

அட்மிஷனுக்கு முன்: சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுங்கள்

ஆபத்து எல்லோருக்கும் ஒரே அளவு கிடையாது. டாக்டர்கள் இதற்கு மதிப்பெண் போட்டுப் பார்ப்பார்கள். ஆபரேஷன் நோயாளிகளுக்குப் பெரும்பாலும் கேப்ரினி அட்டவணை. மற்ற நோயாளிகளுக்குப் பாதுவா அட்டவணை, அதில் 4 மதிப்பெண் வந்தாலே ஆபத்து அதிகம். முன்பு ஒரு முறை ரத்தம் உறைந்தது, புற்றுநோய், படுக்கையை விட்டு எழ முடியாத நிலை ஆகிய ஒவ்வொன்றுக்கும் அதில் 3 மதிப்பெண். 70 வயதைத் தாண்டியது, அதிக உடல் எடை, இதய அல்லது நுரையீரல் செயலிழப்பு, அண்மையில் வந்த மாரடைப்பு அல்லது பக்கவாதம், கடும் தொற்று, ஹார்மோன் மாத்திரை போன்றவற்றுக்கு ஒவ்வொரு மதிப்பெண்.

அந்த மதிப்பெண் சரியாக வர, நீங்கள் கொடுக்கும் தகவல் முழுதாக இருக்க வேண்டும். நம் மக்கள் சொல்லாமல் விடுபவை என்னென்ன என்று எனக்குத் தெரியும்.

பெண்கள் மாத்திரை விஷயத்தைச் சொல்வதில்லை. கருத்தடை மாத்திரை ஒரு பக்கம். கோயில் திருவிழா, வீட்டுக் கல்யாணம், கிரகப்பிரவேசம் என்று மாதவிடாயைத் தள்ளிப்போட மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போடும் மாத்திரை இன்னொரு பக்கம். அதில் இருக்கும் நார்எத்திஸ்டிரோனில் ஒரு பகுதி உடம்புக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது, அது ரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டும். மாமியார் பக்கத்தில் நிற்கிறார், அப்பா நிற்கிறார் என்று கூச்சப்பட்டு மறைக்காதீர்கள். சிஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாலும் போதும். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையைப் பெரிய ஆபரேஷனுக்கு 4 வாரம் முன்பே நிறுத்தச் சொல்வதுண்டு, அதனால் தேதி குறிக்கும்போதே இந்தப் பேச்சு வந்துவிட வேண்டும். நிறுத்தினால் வேறு கருத்தடைக்கு என்ன வழி என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

குடும்பத்தில் அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர் யாருக்காவது காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். ஏற்கெனவே ரத்தத்தை இளக்கும் மாத்திரை எதையாவது சாப்பிட்டு வந்தால் பட்டையையே எடுத்துவந்து காட்டுங்கள். வயிற்றுப்புண்ணில் ரத்தம் கசிந்தது, மூளையில் ரத்தக்கசிவு வந்தது, கிட்னி பழுது, தட்டணு (பிளேட்லெட்) குறைவு என்ற விவரங்களும் அதே அளவு முக்கியம். டெங்குவில் தட்டணு இறங்கிக் கிடப்பவருக்கு உறைவுத் தடுப்பு ஊசி போட்டால் ஆபத்து வேறு வழியில் வந்துவிடும்.

வயதானவர் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், நாட்டுக் கட்டுப் போட்டு ஒரு வாரம் படுக்க வைத்துவிட்டு, வலி தாங்காமல் அப்புறம் அழைத்துவருகிறார்கள். அந்த ஒரு வாரத்திலேயே காலில் உறைந்திருக்க வாய்ப்பு உண்டு. விழுந்தது என்றைக்கு, எத்தனை நாள் படுக்கையில் இருந்தார் என்ற கணக்கை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இதற்காக நாங்கள் யாரையும் திட்டப் போவதில்லை.

அட்மிட் ஆன அன்றே: இந்தக் கேள்வியைக் கேளுங்கள்

காலை ரவுண்ட்ஸ்தான் சரியான நேரம். டாக்டர் கட்டில் அருகில் வந்ததும் இப்படிக் கேட்கலாம்: "டாக்டர், இவருக்கு ரத்தம் உறைய வாய்ப்பு எந்த அளவுக்கு இருக்கு? அதுக்கு ஊசியா, இறுக்கமான சாக்ஸா, காலை அழுத்துற மெஷினா, நடந்தாலே போதுமா? எத்தனை நாளைக்கு?"

டாக்டருக்கு நேரம் இல்லாவிட்டால் டூட்டி டாக்டரையோ ஸ்டாஃப் நர்ஸையோ கேளுங்கள். "இவருக்குத் தேவையில்லை" என்று பதில் வந்தால் ஏன் என்றும் கேட்கலாம். இளவயது, சின்ன ஆபரேஷன், அன்றே நடக்கிறார் என்றால் உண்மையிலேயே மருந்து தேவைப்படாது. ரத்தக்கசிவு ஆபத்து இருப்பதால் ஊசியைத் தவிர்த்திருக்கலாம். அப்படியானால் அதற்குப் பதிலாக என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். நிலைமை நாளுக்கு நாள் மாறும். ஐ.சி.யு.வுக்கு மாற்றினாலோ, இன்னொரு ஆபரேஷன் என்றாலோ, நடந்துகொண்டிருந்தவர் படுத்துவிட்டாலோ மறுபடியும் கேட்க வேண்டும். கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வார் என்ற பயம் நிறையப் பேருக்கு இருக்கிறது. பணிவாகக் கேட்கும் கேள்விக்கு எரிந்து விழுபவர்கள் குறைவு. அப்படியே ஒருவர் முகம் சுளித்தாலும் கேள்வி கேள்விதான், விட்டுவிடாதீர்கள்.

ஊசி போடுகிறார்கள் என்றால்

பொதுவாகப் போடுவது எனாக்ஸபாரின் என்ற ஹெப்பாரின் வகை ஊசி. தடுப்புக்கு வழக்கமான அளவு நாளுக்கு ஒரு முறை 40 மி.கி. கிட்னி பழுதடைந்தவர்களுக்கு அளவைக் குறைப்பார்கள். தொப்பையின் தோலுக்கு அடியில் போடும் சின்ன ஊசி. இது காய்ச்சலுக்கோ வலிக்கோ போடுவது அல்ல என்பதால், "இன்னைக்கு நல்லாத்தானே இருக்கேன், ஊசி எதுக்கு?" என்று மறுப்பவர்கள் உண்டு. நன்றாக இருக்கும்போதே போட்டால்தான் அது தடுப்பு. ஒரு நாள் விட்டுப்போனால் அடுத்த நாள் இரட்டையாகப் போடக் கூடாது. என்ன செய்வதென்று டாக்டரிடம் கேளுங்கள்.

முதுகில் மரத்துப்போகும் ஊசி போட்டு ஆபரேஷன் செய்திருந்தால், அந்த ஊசிக்கும் இந்த ஊசிக்கும் இடையே குறிப்பிட்ட மணி நேரம் விட்டுத்தான் போடுவார்கள். அதனால் "நேத்து ராத்திரி போடலையே" என்று பதறத் தேவையில்லை, ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் போதும். ஆனால் மரப்பு தெளிந்த பிறகு கால் மறுபடி மரத்தாலோ, பலம் குறைந்தாலோ, முதுகில் கடும் வலி வந்தாலோ அந்த நிமிடமே சொல்லுங்கள்.

ஒரு விஷயம் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஹெப்பாரினும் எனாக்ஸபாரினும் பெரும்பாலும் பன்றியின் குடல் சவ்விலிருந்து தயாராகின்றன. மத நம்பிக்கையாலோ சைவ உணவுப் பழக்கத்தாலோ உங்களுக்கு இது சங்கடம் தரலாம். அப்படியென்றால் டாக்டரிடம் பேசுங்கள். ஃபாண்டாபரினக்ஸ் என்ற ஊசி முழுக்கச் செயற்கையாகச் செய்யப்படுவது, மாத்திரைகளும் இருக்கின்றன. உங்களுக்கு எது பொருந்தும் என்பதை அவர் சொல்வார். பேசாமல் ஊசியைத் தவிர்ப்பது மட்டும் வேண்டாம்.

டிஸ்சார்ஜுக்குப் பிறகு வீட்டில் நீங்களே போட வேண்டியிருந்தால், வார்டில் இருக்கும்போதே சிஸ்டர் முன்னால் ஒரு தடவை போட்டுப் பழகிக்கொள்ளுங்கள். கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நோயாளி சாய்ந்து உட்காரட்டும் அல்லது படுக்கட்டும். இன்று தொப்புளுக்கு வலப்பக்கம் என்றால் நாளை இடப்பக்கம். தொப்புளிலிருந்து இரண்டு அங்குலமாவது தள்ளியிருக்க வேண்டும், தழும்போ காயமோ இருக்கும் இடம் கூடாது. சிரிஞ்சுக்குள் சின்னக் காற்றுக்குமிழி தெரியும். முழு அளவும் போடுவதாக இருந்தால் அதை வெளியே தள்ள வேண்டாம், தள்ளினால் மருந்தும் சேர்ந்து சொட்டிவிடும். கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் தோலை மடிப்பாகப் பிடித்து, ஊசியை நேராக, முழு நீளமும் உள்ளே போகும்படி குத்துங்கள். மெதுவாக அழுத்துங்கள். ஊசியை வெளியே எடுத்த பிறகுதான் மடிப்பை விட வேண்டும். எடுத்ததும் தேய்க்காதீர்கள். தேய்த்துவிடுவது நமக்குக் கைப்பழக்கம், ஆனால் இதில் தேய்த்தால் நீலமாகக் கன்றிப்போகும். தேய்க்காமலே சின்னதாக ஒரு நீலத் திட்டு வந்தால் பயப்பட வேண்டாம். போட்ட சிரிஞ்சைக் குப்பையில் எறியாமல், கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சாக்ஸ், மெஷின்

இறுக்கமான வெள்ளை சாக்ஸ் எல்லோருக்கும் கட்டாயம் கிடையாது. காலை அளந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் "ஒரு எக்ஸ்எல் குடுங்க" என்று வாங்கினால் பயனில்லை. மேல்பகுதி சுருண்டு இறங்கி முட்டிக்குக் கீழே கயிறு மாதிரி இறுக்கினால் கெடுதல்தான். கால் தமனிகளில் அடைப்பு உள்ளவர்களுக்கு சாக்ஸ் கூடவே கூடாது. சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. போட்டிருப்பவர்களுக்குத் தினமும் கழற்றி, குதிகாலும் விரல்களும் சிவந்திருக்கின்றனவா, புண் இருக்கிறதா என்று பாருங்கள். பக்கவாதம் வந்து படுத்தவர்களுக்கு சாக்ஸ் பலன் தரவில்லை என்றும், காற்றடித்துக் காலை அழுத்தும் மெஷின் பலன் தந்தது என்றும் பெரிய ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. அந்த மெஷினைப் பற்றி ஒன்றுதான் சொல்ல வேண்டும்: ஓடினால்தான் வேலை செய்யும். பாத்ரூம் போகக் கழற்றியதை மறுபடி மாட்ட மறந்து, கட்டில் காலில் தொங்கிக்கொண்டிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். கூட இருப்பவர் இதில் ஒரு கண் வைத்திருங்கள்.

கால், நடை, தண்ணீர்: இது முழுக்க உங்கள் கையில்

ஊசி எங்கள் வேலை. இது உங்கள் வேலை, சம்பளம் வாங்கும் எங்களைவிட நீங்கள் நன்றாகச் செய்யக்கூடிய வேலை.

விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு தரம், பாதத்தை முகத்தை நோக்கி மடக்குவதும் கீழே நீட்டுவதுமாகப் பத்து முறை. பிறகு கணுக்காலை வட்டமாகச் சுற்றுவது. ஆபரேஷன் செய்த காலாக இருந்தால், மாவுக்கட்டு இருந்தால், எவ்வளவு அசைக்கலாம் என்று பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நோயாளியால் தானே செய்ய முடியாவிட்டால் நீங்கள் பாதத்தைப் பிடித்து மெதுவாகச் செய்துவிடலாம். முட்டிக்கு அடியில் தலையணையைத் திணித்து மடக்கி வைப்பது இதமாக இருக்கும், ஆனால் மணிக்கணக்கில் அப்படியே விட வேண்டாம். கால்மேல் கால் போட்டுப் படுப்பதும் அப்படித்தான்.

அடுத்து நடை. டாக்டர் எழலாம் என்று சொன்ன நேரத்தைத் தள்ளிப்போடாதீர்கள். முட்டி மாற்று ஆபரேஷன் ஆனவரைக்கூட இப்போதெல்லாம் அன்றோ மறுநாளோ வாக்கர் பிடித்து நிற்க வைத்துவிடுகிறார்கள். முதல் தடவை கட்டாயம் சிஸ்டரோ பிசியோவோ கூட இருக்க வேண்டும். முதலில் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்து, தலை சுற்றுகிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம்தான் நிற்க வைக்க வேண்டும். வலி தாங்க முடியாமல் நடக்க மறுத்தால் நடையைக் கைவிடாதீர்கள். வலி மருந்தைச் சரிசெய்யச் சொல்லிக் கேளுங்கள். பார்க்க வரும் சொந்தக்காரர்கள் "பாவம், படுக்கட்டும் விடுங்க" என்று சொல்லும்போது அதைத் தடுத்துச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். பாசத்தால்தான் அப்படிச் சொல்கிறார்கள், ஆனால் அந்தப் பாசம் நோயாளிக்கு நல்லது செய்வதில்லை.

தண்ணீர் போதிய அளவு குடிக்க வேண்டும். இதயத்துக்கோ கிட்னிக்கோ பார்க்கும் டாக்டர் அளவு சொல்லியிருந்தால் அந்த அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பிரசவ வார்டில்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். கர்ப்பத்தில் ரத்தம் உறையும் ஆபத்து நான்கைந்து மடங்கு கூடும். பிரசவத்துக்குப் பின்னான 6 வாரங்களில் அது உச்சத்தில் இருக்கும், சிசேரியன் என்றால் இன்னும் அதிகம். நம் வழக்கங்கள் சில நேரே எதிராகப் போவதும் இந்த 6 வாரத்தில்தான். சிசேரியன் ஆன மறுநாள் காலை வார்டில் இப்படித்தான் பேச்சு நடக்கும்.

"இறங்கி நாலு எட்டு நடக்கலாமா கண்ணு?" என்று பெண்ணைக் கேட்டால், அவள் அம்மாதான் பதில் சொல்வார். "வேணாம் சிஸ்டர், பச்சை உடம்பு. தையல் விட்டுடும்."

"விடாதும்மா, நான் புடிச்சுக்கறேன். காலையில இருந்து தண்ணி எவ்வளவு குடிச்சா?"

"ரெண்டு வாய் வெந்நி குடுத்தேன். நிறைய குடிச்சா வயிறு போட்டுடும்ல?"

வயிறு போடுவதற்கும் தண்ணீருக்கும் சம்பந்தமில்லை. தண்ணீரைக் குறைத்தால் உடம்பு வறண்டு ரத்தம் கெட்டியாகிறது, பால் கொடுக்கும் தாய்க்கு இன்னும் அதிகமாகவே தண்ணீர் தேவை. காலில் மட்டுமல்லாமல் மூளைச் சிரையிலும் இந்தச் சமயத்தில் ரத்தம் உறையலாம். இந்தியாவில் பிள்ளை பெற்ற பெண்களிடம் மருத்துவர்கள் வெகுகாலமாகப் பார்த்துவரும் நோய் இது. கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பின்னும் மூளை ரத்தக் குழாய் அடைபட்ட 135 பெண்களைப் பற்றி மதுரையிலிருந்து 1983-லேயே ஆய்வு வெளிவந்திருக்கிறது. குழந்தை பிறந்த சில நாட்களில் விடாத தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், வலிப்பு, ஒரு பக்கம் கை கால் பலமின்மை என்று எது வந்தாலும் "ஜன்னி", "குளிர் பட்டுடுச்சு" என்று வீட்டு வைத்தியம் பார்த்து நேரத்தைக் கடத்தாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். சீக்கிரம் வந்தால் பெரும்பாலும் காப்பாற்றி, பழையபடி நடமாட வைத்துவிட முடிகிறது.

பத்தியச் சாப்பாடு சாப்பிடட்டும், காதில் பஞ்சு வைக்கட்டும், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. தண்ணீர் கொடுங்கள், நடக்கவிடுங்கள். சிசேரியன் ஆன பெண்களைப் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் எழுப்பி நடக்க வைக்கிறோம், அதனால் தையல் பிரிவதில்லை. ஊசி போடச் சொல்லியிருந்தால், ஹெப்பாரின் வகை ஊசியோடு தாய்ப்பால் கொடுக்கலாம், குழந்தைக்கு எதுவும் ஆகாது.

எதைக் கண்டால் உடனே கூப்பிட வேண்டும்

இரண்டு காலும் சமமாக வீங்குவதற்குப் பல காரணங்கள் உண்டு. ஒரு கால் மட்டும் வீங்கினால் சந்தேகப்படுங்கள். கெண்டைச் சதையிலோ தொடையிலோ வலி, தொட்டால் சூடு, தோல் சிவப்பாகவோ கருநீலமாகவோ மாறுவது, இவையெல்லாம் அடையாளங்கள். கர்ப்பிணிகளுக்கு இடது காலில்தான் அதிகம் வரும். சில சமயம் கால் வீக்கமே தெரியாது, நேரே மார்பில் காட்டும். திடீரென்று மூச்சு வாங்குவது, மூச்சை இழுக்கும்போது குத்தும் நெஞ்சு வலி, படபடப்பு, இருமும்போது ரத்தம், மயக்கம். பாத்ரூம் போய்விட்டு வந்தவர் "மூச்சு முட்டுது" என்று சொன்னால் வாயுத் தொல்லை என்று சோடா வாங்கப் போகாதீர்கள். வார்டில் இருந்தால் சிஸ்டரைக் கூப்பிடுங்கள். வீட்டில் இருந்தால் 108-க்குப் போன் செய்யுங்கள்.

கால் வீங்கியிருக்கிறது என்று எண்ணெயோ தைலமோ போட்டு நீவிவிடுவதுதான் எனக்கு மிகப் பெரிய பயம். உள்ளே இருப்பது உறைந்த ரத்தக் கட்டியாக இருந்தால், நீவும்போது அது பிய்ந்து நுரையீரலுக்குப் போகலாம். சுளுக்கா உறைவா என்று, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் தெரிந்துவிடும். அதுவரை யாரும் அந்தக் காலைப் பிடித்துவிட வேண்டாம்.

உடம்பில் எங்காவது ரத்தம் உறைந்திருக்கிறதா என்று அறிய உதவும் டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனை, கொரோனா காலத்தில் எல்லோர் வாயிலும் அடிபட்டது. ஆபரேஷனுக்குப் பிறகும் பிரசவத்துக்குப் பிறகும் அந்த எண் தானாகவே ஏறித்தான் இருக்கும். எண்ணை மட்டும் பார்த்து நீங்களே முடிவு கட்ட வேண்டாம்.

டிஸ்சார்ஜுக்குப் பிறகு

வீட்டுக்குப் போவதோடு தடுப்பு முடிந்துவிடாது. இடுப்பு மூட்டு மாற்றியவர்களுக்கு வழக்கமாக 5 வாரம் வரை, முட்டி மாற்றியவர்களுக்கு இரண்டு வாரமாவது, வயிற்றில் புற்றுநோய் ஆபரேஷன் ஆனவர்களுக்கு 4 வாரம் மருந்து தொடரும். ஊசி, ரிவராக்ஸபான் அல்லது அபிக்ஸபான் மாத்திரை, சிலருக்கு ஆஸ்பிரின் என்று டாக்டர் முடிவு செய்வார். டிஸ்சார்ஜ் சம்மரியில் மருந்தின் பெயருக்கு எதிரே எந்தத் தேதி வரை என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் எழுதி வாங்குங்கள். ஊர் மெடிக்கல் ஷாப்பில் எனாக்ஸபாரின் கிடைக்காமல் இரண்டு மூன்று நாள் விட்டுப்போவது சாதாரணமாக நடக்கிறது. முடிந்தால் முழு நாளுக்கும் உள்ளதை ஆஸ்பத்திரியிலேயே வாங்கிவிட்டுக் கிளம்புங்கள். டப்பாவில் போட்டிருக்கும்படி வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும், ஃப்ரீசரில் வைக்கக் கூடாது.

சென்னையிலோ வேலூரிலோ ஆபரேஷன் முடித்து, ராத்திரி பஸ்ஸில் எட்டு மணி நேரம் உட்கார்ந்தபடியே ஊர் திரும்புபவர்கள் அதிகம். எப்போது பயணம் செய்யலாம் என்று டாக்டரைக் கேட்டுவிட்டு டிக்கெட் போடுங்கள். ரயிலில் போக முடிந்தால் நல்லது, அவ்வப்போது எழுந்து நடக்கலாம். காரில் போனால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்தி இறங்குங்கள். பாத்ரூம் போக வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் வராதீர்கள்.

உறைவைத் தடுக்கும் மருந்து சாப்பிடும் காலத்தில் வேறு டாக்டரிடம் போனால், அவர் கேட்காவிட்டாலும் முதல் வார்த்தையாக இதைச் சொல்லிவிடுங்கள். நம் ஊர் கிளினிக்குகளில் சின்னக் காய்ச்சலுக்கும் இடுப்பில் ஊசி போடுவது வழக்கம். இந்த மருந்து ஓடும்போது சதையில் போடும் ஊசியால் உள்ளே ரத்தம் கசிந்து கட்டிக்கொள்ளலாம். மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் என்று நீங்களாக வாங்கிப் போட்டால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனாலும், மூக்கிலோ ஈறிலோ வரும் ரத்தம் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்காவிட்டாலும், தலையில் அடிபட்டாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வார்ஃபரின் அல்லது அசெனோகூமரால் மாத்திரை சாப்பிடுபவர்கள் கீரையை அடியோடு நிறுத்த வேண்டும் என்பது தவறான பேச்சு. வாரத்துக்கு எவ்வளவு சாப்பிட்டு வந்தீர்களோ அதே அளவில் தொடருங்கள். ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்று மாற்றினால் ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். கணக்கு ஏறி இறங்கும். சித்த மருந்தோ நாட்டு மருந்தோ சேர்ப்பதாக இருந்தால் இரண்டு பக்க வைத்தியருக்கும் தெரிய வேண்டும்.

டிஸ்சார்ஜ் ஆன தேதியிலிருந்து 90 நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அதற்குள் கால் வீங்கினாலும் மூச்சு வாங்கினாலும், பார்க்கும் டாக்டரிடம் "எனக்கு இந்தத் தேதியில் ஆபரேஷன் ஆச்சு" என்று சொல்லி சம்மரியைக் காட்டுங்கள். அதன் போட்டோ உங்கள் போனிலும் வீட்டில் இன்னொருவர் போனிலும் இருக்கட்டும். ஒருவேளை உறைவு வந்து குணமானவர் என்றால், அடுத்த முறை எந்த ஆஸ்பத்திரியில் எதற்காகச் சேர்ந்தாலும் அதைச் சொல்ல வேண்டும். உங்கள் அக்கா தங்கைக்கும் மகளுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். அவர்கள் கருத்தடை மாத்திரை தொடங்கும் முன்பும், கர்ப்பம் உறுதியான உடனும் தங்கள் டாக்டரிடம் சொல்ல வேண்டிய தகவல் அது.